உறை பிரிக்கும் முன்பே: ஜப்பானிய அனிமேஷனும் ஆஸ்கர் விருதும்

2024 மார்ச் 10ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டால்பி அரங்கில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் உறை பிரிக்கப்பட்டது. ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ என்று பெயர் வாசித்தார்கள். கைத்தட்டல் எழுந்தது. மேடையேறி விருதை வாங்கத்தான் ஆள் இல்லை. இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்கு அப்போது 83 வயது. அவரும் வரவில்லை, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியும் வரவில்லை.

21 ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான் நடந்தது. 2003 மார்ச்சில் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ அதே விருதை வென்றபோது அமெரிக்கா இராக் மீது போர் தொடுத்துச் சில நாள்களே ஆகியிருந்தன. இராக்கில் குண்டு போடும் நாட்டுக்குப் போக மனம் வரவில்லை என்று 2009இல்தான் அவர் வாய் திறந்து காரணம் சொன்னார்.

முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் ஜப்பானுக்குக் கிடைத்தது இந்த இரண்டு முறைதான். இரண்டுமே ஒரே இயக்குநரின் படங்கள், ஒரே ஸ்டுடியோவான ஜிப்லியின் படங்கள். உலகம் முழுக்க இத்தனை கோடிப் பேர் பார்க்கும் கலைக்கு ஏன் இவ்வளவு குறைவான விருதுகள்? அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷனைப் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் ஒரு நாள் எழும் கேள்வி இது. ‘அமெரிக்கர்களுக்கு நம் ரசனை புரியாது’ என்று இணையத்தில் கோபப்படுபவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் விருது எந்த வழியாக நடந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், உறை பிரிக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பெரும்பாலான படங்களின் கதை முடிந்துவிடுகிறது என்பது புரியும்.

போட்டிக்குள் நுழைவது எப்படி?

ஆஸ்கர் விருது 1929 முதல் வழங்கப்படுகிறது. அனிமேஷன் படத்துக்கென்று தனிப் பிரிவு வந்ததோ 2002இல்தான். அந்த முதல் ஆண்டில் ‘ஷ்ரெக்’ வென்றது. மறு ஆண்டே ‘ஸ்பிரிட்டட் அவே’ வென்றதால், இனி ஜப்பானுக்கு இது வாடிக்கையாகிவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள்.

விதிகள் எளிமையானவை. படம் 40 நிமிடங்களுக்கு மேல் ஓட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்காவது அனிமேஷனாக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சிகாகோ போல, ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமி குறிப்பிட்டிருக்கும் ஆறு அமெரிக்க மாநகரப் பகுதிகளில் ஒன்றில், கட்டணம் வாங்கும் திரையரங்கில், தொடர்ந்து ஏழு நாள்கள் ஓட வேண்டும். படம் எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை.

இந்த ஏழு நாள் விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜப்பானில் ஆயிரம் திரைகளில் ஓடினாலும் அது கணக்கில் சேராது. அமெரிக்காவில் படத்தை வாங்கி, திரையரங்கு பிடித்து, விண்ணப்பம் போட்டு, வாக்காளர்களைப் பார்க்கவைக்க ஒரு விநியோகஸ்தர் வேண்டும். ஜப்பானியப் படத்தின் ஆஸ்கர் வாய்ப்பைப் பற்றி யாராவது பேசினால் நான் முதலில் கேட்பது இயக்குநரின் பெயரை அல்ல, அமெரிக்க விநியோகஸ்தரின் பெயரைத்தான்.

மகோடோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் ஜப்பானில் வெளியாகி 2,500 கோடி யென் வசூலித்த படம். அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே ஒரு வாரம் ஓட்டினார்கள். தகுதிக்கு அது போதும். அமெரிக்காவெங்கும் அது திரைக்கு வந்ததோ 2017 ஏப்ரலில். விருது விழா பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டிருந்தது. அமெரிக்க மக்கள் படத்தைப் பார்த்து, பேசி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பரிந்துரைக்கும் காலம் வருவதற்குள் பட்டியல் மூடப்பட்டுவிட்டது. அவ்வளவு பெரிய படம் இறுதிப் போட்டிக்கான ஐந்து படங்களில் இடம்பெறவே இல்லை.

‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ போன பாதை இதற்கு நேர் எதிரானது. அதை அமெரிக்காவில் வெளியிட்டது ஜிகிட்ஸ் என்னும் நிறுவனம். 2008இல் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனம்தான். அயர்லாந்து, பிரான்ஸ், பிரேசில், ஜப்பான் என்று எங்கெங்கோ உருவான அனிமேஷன் படங்களை வாங்கி அமெரிக்கர்களுக்குக் காட்டுவதே அதன் வேலை. அதன் படங்கள் பன்னிரண்டு முறை இறுதிப் பட்டியலுக்கு வந்து பன்னிரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பின. பதிமூன்றாவது முறை வென்றது. 2023 டிசம்பரில் அந்தப் படம் வட அமெரிக்காவில் வெளியான வார இறுதியில் வசூலில் முதலிடம் பிடித்தது. விருதுக்கான பேச்சு சூடுபிடிக்கும் அதே வாரங்களில் அது திரையில் இருந்தது. ஜனவரியில் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று அந்த அனிமேஷன் விருதை வென்றது அதுவே முதல் முறை. பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவும் பின்னாலேயே வந்தது. மியாசாகி கலைஞர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவருடைய படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அமெரிக்காவில் கதவு கதவாகப் போய் நின்றவர்களுக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு.

அதே 2024இன் இறுதியில் ஜப்பானின் பழம்பெரும் திரைப்பட நிறுவனமான தோஹோ, ஜிகிட்ஸையே விலைக்கு வாங்கிவிட்டது. எங்கே பூட்டு இருக்கிறது என்று ஜப்பானியர்களுக்கும் புரிந்துவிட்டது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வாக்குப் போடுவது யார்?

ஆண்டுதோறும் முப்பதை ஒட்டிய படங்கள் போட்டிக்கு வருகின்றன. அவற்றிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுப்பது முதல் கட்டம். ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் கட்டம். ஜப்பானியப் படங்கள் பெரும்பாலும் இடறி விழுவது முதல் கட்டத்தில்தான்.

வெற்றிகளை மட்டும் எண்ணினால் கண்ணில் படாத ஒரு கதை, பரிந்துரைகளை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் தெரிகிறது. 2006 விழாவில் மியாசாகியின் ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ பட்டியலில் இருந்தது. பிறகு ஏழு ஆண்டுகள் ஒன்றும் இல்லை. 2014இல் மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’, 2015இல் இசாவோ தகாஹாத்தாவின் ‘இளவரசி காகுயாவின் கதை’, 2016இல் ‘வென் மார்னி வாஸ் தேர்’ என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஜிப்லி படங்கள் வந்தன. 2017இல் ‘தி ரெட் டர்ட்டில்’ வந்தது. அதை இயக்கியவர் நெதர்லாந்துக்காரர் என்றாலும் ஜிப்லி கூட்டுத் தயாரிப்பாளர். அதற்குப் பின் 2018 முதல் 2023 வரை ஆறு விழாக்களில் ஒரே ஒரு ஜப்பானியப் படம்தான் எட்டிப் பார்த்தது: 2019இல் மமோரு ஹோசோடாவின் ‘மிராய்’. ஜிப்லியின் கை படாமல் பட்டியலுக்கு வந்த முதல் ஜப்பானியப் படமும் அதுதான்.

2017க்குப் பிறகு என்ன மாறியது? அதுவரை முதல் கட்டத் தேர்வை ஒரு குழு செய்துவந்தது. அனிமேஷன் கலைஞர்களும் மற்றத் துறை உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் படங்களை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் மதிப்பிட முடியும். நாளெல்லாம் பென்சில் பிடிக்கும் ஒருவர் இன்னொருவரின் கோட்டைப் பார்த்ததும் அதன் அருமையை அறிந்துகொள்வார். அதனால்தான் வசூலில் கால் காசு பெறாத படங்கள்கூட உள்ளே வந்தன. அந்த ஆண்டில் அகாடமி கதவைத் திறந்துவிட்டது. விருப்பம் தெரிவிக்கும் எந்த உறுப்பினரும் முதல் கட்டத்தில் பங்கெடுக்கலாம் என்று ஆனது. நடிகர்களும் ஒளிப்பதிவாளர்களும் ஒலிக் கலைஞர்களும் வரலாம். பரந்த மனத்தோடு செய்த மாற்றம்தான். ஆனால் கூட்டம் பெருகும்போது எல்லோருக்கும் தெரிந்த பெயர்களே மேலே வரும். பெரிய ஸ்டுடியோக்களின் விளம்பரம் எல்லோரையும் எட்டுகிறது. சிறிய படத்தின் அழைப்பிதழ் மேசை மூலையில் கிடக்கிறது.

பழியை முழுக்க விதிமாற்றத்தின் மேல் போடவும் முடியாது. 2014இல் ஜிப்லி தன் தயாரிப்புப் பணிகளை நிறுத்திவைத்தது. அமெரிக்க வாக்காளர்களுக்குப் பழக்கமான ஒரே ஜப்பானியப் பெயர் களத்தில் இல்லாமல் போனது.

இறுதிக் கட்டத்தில் அகாடமியின் உறுப்பினர்கள் அனைவரும் வாக்களிக்கலாம். இங்கே இன்னொரு சிக்கல் நெடுங்காலம் இருந்தது. ஐந்து படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தைகளோடு சேர்ந்து பார்த்த ஒரு படத்துக்கு வாக்கைப் போட்டுவிட்டுப் போகலாம். 2015இல் ஒரு திரைத்துறை இதழில் பெயர் சொல்லாமல் பேசிய வாக்காளர் ஒருவர், பட்டியலில் இருந்த சிறிய படங்களை யாருமே கேள்விப்படாத சீனப் படங்கள் என்று கெட்ட வார்த்தை சேர்த்து ஏசினார். அவர் ஏசிய படங்களில் ஒன்று அயர்லாந்துப் படம், மற்றது ஜப்பானின் ‘இளவரசி காகுயாவின் கதை’. அதைப் படித்த நாளில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. எட்டு ஆண்டுகள் உழைத்து எடுத்த படம் அது. எந்த நாட்டுப் படம் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் அதன் தலையெழுத்தை எழுத முடிந்தது.

2025 ஏப்ரலில் அகாடமி இந்த விதியைத் திருத்தியது. இனி ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நியாயமான விதி வர ஏன் இத்தனை காலம் ஆனது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. வெளிநாட்டு உறுப்பினர்களைச் சேர்ப்பதும் 2016க்குப் பிறகு கூடியிருக்கிறது. 2025இல் லாட்வியா நாட்டின் ‘ஃப்ளோ’, வசனமே இல்லாத சிறிய படம், பெரிய ஸ்டுடியோக்களைத் தாண்டி வென்றதற்கு இப்படி வெளிநாட்டு உறுப்பினர்கள் கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்க ஸ்டுடியோவான பிக்சார் மட்டுமே 11 முறை வென்ற பிரிவு இது என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும்.

வசூல் ஏன் உதவுவதில்லை?

‘டீமன் ஸ்லேயர்’ வரிசையின் ‘முகென் டிரெயின்’ 2020இல் ஜப்பானில் வெளியாகி, ‘ஸ்பிரிட்டட் அவே’ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைத்திருந்த வசூல் சாதனையை முறியடித்தது. 4,000 கோடி யென்னுக்கும் மேல். ஆஸ்கர் பட்டியலில் அது இல்லை. 2025இல் வந்த ‘இன்ஃபினிட்டி காசில்’ தமிழ்க் குரலிலும் இங்கே திரைக்கு வந்தது. உலகெங்கும் 60 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஐந்து பெயர்களில் அதுவும் இல்லை.

காரணம் ரசனைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. இவை தொலைக்காட்சித் தொடரின் தொடர்ச்சியாக வரும் படங்கள். தஞ்ஜிரோ யார், அவன் தங்கை ஏன் மூங்கிலைக் கவ்வியிருக்கிறாள் என்பது ரசிகனுக்குத் தெரியும். தொடரைப் பார்க்காமல் நேராகத் திரையரங்குக்கு வரும் ஒரு வாக்காளருக்கு அது அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் நடுவில் நுழைந்தது போல இருக்கும். இதுவரை ஆஸ்கர் பட்டியலுக்கு வந்த ஜப்பானிய முழுநீளப் படங்களை வரிசையாகப் பாருங்கள். எல்லாமே தனித்து நிற்கும் கதைகள். தொலைக்காட்சித் தொடரின் நீட்சி ஒன்றுகூட இல்லை.

இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. ‘இன்ஃபினிட்டி காசில்’ யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்கள் அதைக் கொண்டாடிவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு எந்த ஜப்பானியப் படத்துக்கு வாய்ப்பு என்று நீங்களே கணிக்க விரும்பினால், வசூல் பட்டியலை மடித்து வைத்துவிட்டுத் தனிக் கதைகளைத் தேடுங்கள்.

இன்னொரு கதவும் உண்டு. சிறந்த அயல்நாட்டுப் படத்துக்கான பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு படத்தை அனுப்பலாம். தகாஹாத்தாவின் ‘போம் போகோ’, மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’, ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ ஆகிய மூன்றையும் ஜப்பான் துணிந்து அனுப்பியிருக்கிறது. மூன்றுக்கும் பரிந்துரை கிடைக்கவில்லை. தன் வீட்டிலோ ஜப்பான் இந்த வேறுபாட்டை எப்போதோ தாண்டிவிட்டது. 1998இல் ஜப்பான் அகாடமி விருதுகளில் நடிகர்கள் நடித்த படங்களோடு மோதிச் சிறந்த படமாக வென்றது ‘மோனோனோகே’. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கக் கரடியை ‘ஸ்பிரிட்டட் அவே’ இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழா 1993இலேயே மியாசாகியின் ‘போர்கோ ரோசோ’வுக்கு முதல் பரிசு கொடுத்தது. ஐரோப்பா முந்திக்கொண்ட இடம் இது.

பார்க்கும் பழக்கம்

விதி, விநியோகம், வாக்கு எல்லாம் பேசியாயிற்று. அடுத்தது கண்ணின் பழக்கம்.

‘ஸ்பிரிட்டட் அவே’யில் ஒரு காட்சி. பெற்றோர் பன்றிகளாகிவிட்டார்கள். பத்து வயதுச் சிஹிரோ தன் பெயரையே இழக்கும் நிலையில் இருக்கிறாள். ஹாக்கு என்ற சிறுவன் அவளுக்குச் சோற்று உருண்டை ஒன்றைக் கொடுக்கிறான். பசிக்கவில்லை என்கிறாள். வற்புறுத்தியதும் ஒரு கடி கடிக்கிறாள், மெல்லுகிறாள், இன்னொரு கடி. பிறகு கண்ணீர் வருகிறது, நிஜத்தில் எங்கும் காண முடியாத அளவுக்குப் பெரிய பெரிய துளிகளாக. இரண்டு கையாலும் உருண்டையைப் பிடித்தபடி வாய் நிறையச் சோற்றோடு அழுகிறாள். அதுவரை பயத்தில் அழக்கூட நேரமில்லாத பிள்ளை, வயிற்றில் சோறு இறங்கிய பிறகுதான் அழுகிறது. கதை அந்த இடத்தில் ஒரு அடி நகரவில்லை. ஆனால் படத்தில் எனக்கு மறக்காத இடம் அதுதான்.

இப்படி நின்று மூச்சுவிடும் இடத்துக்கு ஜப்பானியர்கள் ‘மா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பேட்டியில் மியாசாகி கைகளைச் சில முறை தட்டிக் காட்டி, தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே இருக்கும் நேரம்தான் ‘மா’ என்று விளக்கினார். நிமிடத்துக்கு ஒரு நகைச்சுவை, பத்து நிமிடத்துக்கு ஒரு துரத்தல் என்று பழகிய கண்ணுக்கு இது தொய்வாகத் தெரியலாம். அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கு என்று ஹாலிவுட் மேடையிலேயே பேசிய ஆண்டுகள் உண்டு. இந்த எண்ணம் உள்ளவரை ஜப்பானியப் படம் இரண்டு மலைகளை ஏற வேண்டியிருக்கிறது. ஒன்று அயல்மொழி, மற்றது பெரியவர்களுக்கான அனிமேஷன்.

‘காகுயா’வில் இளவரசி மாளிகையை விட்டு ஓடும் காட்சியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுவரை மென்மையான நீர்வண்ணமாக இருந்த படம் திடீரெனக் கரிக்கோடுகளாகச் சிதறுகிறது. அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அவள் முகம் வெறும் சில கீறல்களாகிவிடுகிறது. வரைந்தவரின் கை நடுங்குவது போலவே கோடு நடுங்குகிறது. ஏறத்தாழ 500 கோடி யென் செலவான அந்தப் படம் போட்ட பணத்தைத் திரையரங்கில் எடுக்கவில்லை. ஆஸ்கரையும் ‘பிக் ஹீரோ 6’இடம் இழந்தது.

கையால் வரைவதென்றால் நேரம் ஆகும். ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ உருவாகிக்கொண்டிருந்தபோது, 60 ஓவியர்கள் மாதம் ஒரு நிமிடப் படத்தைத்தான் முடிக்க முடிகிறது என்று சுசுகி சொன்னார். இந்தப் பிரிவில் முழுக்கக் கையால் வரைந்த பாணியில் வென்றவை இன்றுவரை மியாசாகியின் அந்த இரண்டு படங்கள்தான்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் இந்தப் பெரிய படங்களைக் கொடுப்பதில்லை. ஜப்பானுக்கு இன்னொரு அனிமேஷன் ஆஸ்கரும் உண்டு, குறும்படப் பிரிவில். குனியோ கட்டோவின் ‘சுமிகி நோ இயே’. 12 நிமிடம்தான், பேச்சே இல்லை. கடல் ஏறிக்கொண்டே இருக்கும் ஊரில் ஒரு கிழவர் தனியாக வாழ்கிறார். தண்ணீர் தரையைத் தொடும்போதெல்லாம் செங்கல் அடுக்கி மேலே இன்னொரு அறை கட்டிக்கொள்கிறார். ஒரு நாள் அவருக்குப் பிடித்த புகைக்குழாய் தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது. முக்குளிக்கும் உடையை மாட்டிக்கொண்டு அதை எடுக்க இறங்குகிறார். ஒவ்வொரு தளமாகக் கீழே போகப்போக, அந்தந்த அறையில் வாழ்ந்த காலம் திரும்பி வருகிறது: மனைவி, மகள், வீடு கட்டிய முதல் நாள்.

2009 பிப்ரவரியில் அந்தப் படத்துக்கு விருது கிடைத்தபோது கட்டோ நேரில் வந்திருந்தார். சிலையைக் கையில் வாங்கியதும் ரொம்பக் கனமாக இருக்கிறது என்றார். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் உடன் உழைத்தவர்களுக்கு நன்றி சொன்னார். அடுத்து, தன் பென்சிலுக்கும் நன்றி சொன்னார்.